மாடிப்படி வழியாக ஒரு சட்டம்: மொரீஷியஸில் அடிபடும் பெண்ணும் பாதுகாப்பு உத்தரவும்

மொரீஷியஸில் ஒரு வீட்டைத் தெருவில் நின்று பார்த்தாலே அந்தக் குடும்பத்தின் கதையில் பாதி தெரிந்துவிடும். கீழ்த்தளம் அப்பா கட்டியது. அதன்மேல் தளம் போட்டுப் பெரிய பையனுக்கு ஒரு வீடு. மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பிகள், சின்னவன் கல்யாணத்துக்காகக் காத்திருப்பவை. 1960இல் கேரல் புயல் மரவீடுகளையும் தகரவீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு, தீவு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்கு மாறியது. நிலம் குறைவு, விலையோ அதிகம். அப்பாவின் தலைக்குமேல் கட்டுவதுதான் மகனுக்கு மிச்சமிருந்த வழி. வீட்டைச் சுற்றியுள்ள முற்றத்துக்குத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் லக்கூர் என்று பெயர். ஒரே லக்கூரில் அண்ணன், தம்பி, மாமியார், நாத்தனார் என்று நான்கு அடுப்புகள் எரியும்.

மாடிக்குப் போகும் படி பெரும்பாலும் மாமியாரின் அடுக்களைச் சன்னலை ஒட்டித்தான் ஏறும். யார் எப்போது போனார்கள், எப்போது வந்தார்கள், கையில் பை இருந்ததா இல்லையா என்பதெல்லாம் கீழே தெரிந்துவிடும். அந்த மாடியில் அடிபடும் ஒரு பெண்ணுக்கு நாட்டின் சட்டம் என்ன தருகிறது, அதை வாங்க அவள் எந்தெந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. எடுத்துக்கொண்டது 1997இல் வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் நடைமுறையில் ஓடிய காலம்.

இதில் வரும் பெண் ஒருத்தி அல்ல. அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. சட்டம் போகும் பாதையைக் காட்ட நான் கட்டியெழுதிய உரு அவள். அவள் கையில் கிடைக்கும் படிவமும், அவள் ஏறும் நீதிமன்றமும், அவள் அழைக்கக்கூடிய எண்ணும் நிஜம்.

காவல் நிலையத்தில் ஒரு கேள்வி

வயது முப்பத்துநாலு. இரண்டு பிள்ளைகள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்து வருடம் தைத்தவள். ஆலை மூடிய பிறகு வீட்டிலிருந்தே துணி தைக்கிறாள். கணவன் நல்ல வேலையில் இருக்கிறான். குடிப்பான், ஆனால் குடிக்காத நாளிலும் அடிப்பான். குடியைக் காரணமாகச் சொல்வது எல்லாருக்கும் வசதி. குடியை நிறுத்தினால் அடி நின்றுவிடும் என்று மாமியாரும் நம்பலாம், கோயில் குருக்களும் நம்பலாம், பாதிரியாரும் நம்பலாம். இவளுக்குத்தான் அது உண்மையில்லை என்று தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உதடு கிழிந்தது. மறுநாள் காலை, ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கி, நேரே காவல் நிலையத்துக்குப் போகிறாள். மேசைக்குப் பின்னால் இருக்கும் காவலர் கேட்கும் முதல் கேள்வி இது:

“மேடம், கேஸ் போடணுமா, இல்ல பிரிகோஷனரி மெஷர் போதுமா?”

இந்த ‘பிரிகோஷனரி மெஷர்’ மொரீஷியஸில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நடந்ததை நிலையப் பதிவேட்டில் முன்னெச்சரிக்கையாக எழுதி வைத்துவிட்டுப் போகலாம். நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். காசு தொலைந்தவனும் அதைத்தான் கொடுப்பான், பக்கத்து வீட்டுக்காரன் மிரட்டினான் என்பவனும் அதைத்தான் கொடுப்பான். அடிபட்ட பெண்ணுக்கும் அதே சன்னல். காவலர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பெண்கள் மறுவாரம் திரும்பி வந்து புகாரைத் திரும்பப் பெறுவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஆனால் கேள்வியை அந்த வரிசையில் வைத்ததுமே பதில் பாதி தீர்மானமாகிவிடுகிறது. கேஸ் என்றால் கணவன் கைதாவான், வேலை போகலாம், லக்கூர் முழுக்கத் தெரியும். முன்னெச்சரிக்கை என்றால் புத்தகத்தில் நாலு வரி. முதல் தடவை வருகிறவள் எதைத் தேர்வாள் என்று சொல்லத் தேவையில்லை.

என் பார்வையில் இந்தப் பாதையிலேயே பலவீனமான இடம் நீதிமன்றம் அல்ல, இந்த மேசைதான். சட்டத்தில் எந்தக் குறையும் இல்லாமலே இங்கே எல்லாம் நின்றுபோகலாம்.

கேஸ் என்று சொல்லிவிட்டால் அடுத்தது படிவம் 58. காயத்தைக் காட்டிப் பதிவு செய்ய அரசு மருத்துவமனைக்கு இந்தத் தாளோடு போக வேண்டும். உதட்டுக் கிழிசலை மருத்துவர் எழுதுவார். முந்தைய மாதம் முடியைப் பிடித்துச் சுவரில் மோதியதும், மூன்று வாரம் பேசாமல் இருந்ததும், சம்பளக் காசைப் பிடுங்கிக்கொண்டதும் அந்தத் தாளில் ஏறாது. தாள் கேட்பது இன்றைய காயத்தை மட்டும்.

புத்தகத்தில் இருக்கும் சட்டம்

1997இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம், அந்தக் காலத்துக்கு நிஜமாகவே முன்னேறிய சட்டம். உடல் காயத்தோடு நிற்காமல், மிரட்டல், தொந்தரவு, அடைத்துவைத்தல், பொருளைச் சேதப்படுத்துதல் எல்லாவற்றையும் வன்முறை என்றது. மனைவிக்கு விலகி நிற்க உரிமையுள்ள எந்தச் செயலிலும், அது பாலுறவானாலும் வேறானாலும், அவளைப் பலவந்தமாகவோ மிரட்டியோ ஈடுபடுத்துவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. கல்யாணம் பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களையும் அது துணை என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது.

மூன்று வகை உத்தரவு உண்டு. கணவன் கிட்டே வரக்கூடாது, அடிக்கக்கூடாது என்பது பாதுகாப்பு உத்தரவு. அதிகபட்சம் 24 மாதம். வீட்டில் அவள் மட்டும் இருக்கலாம், அவன் வெளியேற வேண்டும் என்பது குடியிருப்பு உத்தரவு. வாடகை வீடானால் வாடகை உரிமையை அவள் பேருக்கு மாற்றுவது இன்னொன்று. ஆபத்து உடனடி என்றால், அவன் தரப்பைக் கேட்பதற்கு முன்பே மாவட்ட நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போடலாம். 2016 திருத்தம் இன்னொரு படி ஏறியது. அதுவரை உத்தரவை மீறுவதுதான் இந்தச் சட்டத்தின்கீழ் குற்றமாக இருந்தது. அதன்பின் குடும்ப வன்முறையே குற்றம்.

படித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லாதது போலத்தான் இருக்கும். குடியிருப்பு உத்தரவை மட்டும் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். மனைவிக்கோ கணவனுக்கோ இருவருக்குமோ சொந்தமான வீடு என்கிறது சட்டம்.

நம் பெண் இருக்கும் வீடு யாருடையது? மாடி கணவனின் காசில் எழும்பியது. அவளும் பத்து வருடத் தையல் சம்பளத்தைச் சிமெண்டாக மாற்றியிருக்கிறாள். நிலம் மாமனார் பேரில். பத்திரத்தில் மாடிக்குத் தனிப் பேச்சே இல்லை. அப்படியே நீதிமன்றம் அவனை வெளியேறச் சொன்னாலும், அவன் எங்கே போவான்? பன்னிரண்டு படி இறங்கி அம்மா வீட்டுக்குப் போவான். அவள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப அதே படியில் அவன் கண்முன் இறங்க வேண்டும்.

பின்னால் வந்த திருத்தம், ஒரே கூரையின்கீழ் வாழும் மற்றவர்களுக்கு எதிராகவும் பாதுகாப்புக் கேட்கலாம் என்றது. மாமியார் அடித்தால் உதவும். மாமியார் அடிப்பதில்லை, சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்களுக்கென்று ஒரு வாசற்கதவு. தீவில் பலர் வாழ்வது லக்கூரில். இந்த இடைவெளிதான் மொரீஷியஸ் கதையின் நடு முடிச்சு என்று நினைக்கிறேன். இது எங்கிருந்து வந்தது என்று பார்க்க ரொம்ப தூரம் பின்னால் போக வேண்டும்.

கீழ்ப்படிதல் என்னும் இறக்குமதி

மனிதர் குடியில்லாத தீவு அது. டச்சுக்காரர்கள் வந்து போனார்கள். 1715இல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினார்கள். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும், ஓரளவு இந்தியாவிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1723இல் வந்த அடிமைச் சட்டம் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடை செய்தது. எஜமானின் படுக்கையை அது தடுத்ததாகச் சொல்ல முடியாது. அடிமைப் பெண்ணின் உடம்பு எஜமானின் சொத்துக் கணக்கில் இருந்த நாட்டில், அவள்மேல் நடந்த வன்புணர்வுக்குக் குற்றம் என்ற பெயரே கிடையாது. அவளுக்குப் பிறந்த குழந்தையும் அதே கணக்கில் வரவு.

பிறகு நெப்போலியன். அவருடைய 1804 சிவில் சட்டம் தீவிலும் அமலுக்கு வந்தது. அதன் 213ஆம் பிரிவு ரொம்பச் சுருக்கமானது: கணவன் மனைவிக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும். 1810இல் பிரிட்டிஷார் தீவைப் பிடித்தார்கள். பிரெஞ்சுச் சட்டத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். பிரான்ஸ் 1938இல் கீழ்ப்படிதல் வரியை எடுத்துவிட்டது. மொரீஷியஸில் மணமான பெண் ஏறக்குறைய மைனர் என்ற நிலை முழுசாகப் போக 1980, 81ஆம் ஆண்டுத் திருத்தங்கள் வரை ஆனது. அப்போது நாடு சுதந்திரம் வாங்கிப் பன்னிரண்டு வருடம் தாண்டியிருந்தது.

குற்றவியல் சட்டத்தின் கதை இன்னும் கசப்பு. 1838ஆம் ஆண்டுச் சட்டத்தின் 242ஆம் பிரிவு, துணை கள்ள உறவில் இருப்பதைக் கண்ணெதிரே கண்ட கணத்தில் கொன்றால், அந்தக் கொலை மன்னிப்புக்கு உரியது என்றது. இதன் தாய் வடிவம் 1810 பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் கணவனுக்கு மட்டும் கிடைத்த சலுகை. பிரான்ஸ் அதை 1975இல் தூக்கிவிட்டது. மொரீஷியஸ் வாசகம் இருபாலுக்கும் பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும், எந்தப் பாலின் கைக்கு அது வசதியான சாக்கு என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்திருக்காது. பாரிஸ் கழித்துப்போட்ட சட்டை தீவின் தலைநகரான போர்ட் லூயிஸில் பல பத்தாண்டுகள் கொடியில் தொங்கியது.

1834இலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்தார்கள். அடிமை முறை 1835 பிப்ரவரி 1இல் முடிவதற்கு முன்பே கரும்புக்குக் கை தேவைப்பட்டது. அடுத்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் சுமார் நாலரை லட்சம் பேர் இந்தியாவிலிருந்து இறங்கினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர்கள் அதிகம். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அவர்கள் ஏறிய கல்படிகள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற பெயரில் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். அந்தப் பதிவேடுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஆரம்பக் கப்பல்களில் பெண்கள் மிகக் குறைவு. பிறகு நூறு ஆணுக்கு இத்தனை பெண் என்று விகிதம் கட்டி ஏற்றினார்கள். பந்தலில் தாலி கட்டிய கல்யாணத்தைச் சர்க்கார் கல்யாணம் என்று ஒத்துக்கொள்ளவில்லை. ஓடிப்போன மனைவியை மீட்டுத் தரச் சொல்லி ஆண்கள் குடியேறிகளின் காப்பாளர் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். மனைவியைக் கொன்ற வழக்குகள் வந்தபோது, காலனி அதிகாரிகள் கையில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: பெண்கள் குறைவு, அதனால் பொறாமை, அதனால் கொலை. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்ட தோட்டம், பாதையில் போனவனை அலைகிறான் என்று பிடித்து அடைத்த போலீஸ், நூறு பேரை ஒரே வரிசைக் குடிசையில் அடைத்த முதலாளி, இவர்கள் யாரும் அந்த விளக்கத்தில் வரவே இல்லை. குற்றவாளி இந்தியனின் குணம். பலியானவள் இந்தியப் பெண்ணின் நடத்தை. இந்த விளக்கம் இன்னும் சாகவில்லை. இன்றைக்கு ‘அது அந்த ஜனங்கள் வீட்டில் நடப்பது’ என்று வேறொரு சமூகத்தைக் காட்டும் விரல் ஒவ்வொன்றிலும் அது உயிரோடிருக்கிறது.

இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். 1943 செப்டம்பர் 27இல் பெல் வ்யூ ஆரெல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் நின்றபோது போலீஸ் சுட்டது. இறந்த நால்வரில் ஒருத்தி அஞ்சலாய் கூப்பன். பிரெஞ்சு உச்சரிப்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நம் ஊர் அஞ்சலை, குப்பன். வயிற்றில் பிள்ளை. அந்த ஊரிலுள்ள கால்பந்து அரங்கத்துக்கு அவள் பெயர்தான். தெருவில் அரசின் குண்டுக்குப் பலியான பெண்ணை நாடு நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயமும்கூட. லைன் வீட்டுக்குள் அடிபட்டுச் செத்தவர்கள் பதிவேட்டில் ஒரு எண்ணாகவே நின்றுவிட்டார்கள்.

சமாதானத்தின் விலை

1968 மார்ச் 12 சுதந்திரம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் போர்ட் லூயிஸில், அடிமைகளின் வழிவந்த கிரியோல்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே கலவரம் நடந்து, பிரிட்டிஷ் படை வந்து அடக்கியிருந்தது. அந்தப் பயத்தோடு பிறந்த நாடு, சமூகங்களின் உள் விவகாரத்தில் கை வைக்கத் தயங்கியது. அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடை செய்தது. ஆனால் இனம், சாதி, நிறம், மதம் என்று அடுக்கிய பட்டியலில் ‘பால்’ என்ற சொல் இல்லை, 1995இல்தான் சேர்த்தார்கள். திருமணம், விவாகரத்து, வாரிசுரிமை போன்றவற்றுக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கும் கொடுத்திருந்தார்கள். அடி எங்கே விழுகிறதோ அந்த அறைக்கு மட்டும் அரசியலமைப்பு எட்டிப் பார்க்காமல் நின்றது.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதை 1977 காட்டியது. வெளிநாட்டு மனைவிக்கு நாட்டில் தங்கும் உரிமை. வெளிநாட்டுக் கணவனுக்கோ அதிகாரியின் தயவு. இப்படிக் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஷிரின் ஔமீருடி-சிஃப்ரா என்ற வழக்கறிஞரும் இன்னும் 19 பெண்களும் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார்கள். 1981 ஏப்ரல் 9இல், இது பால் பாகுபாடு என்று குழு சொன்னது. 1982இல் ஷிரினே அட்டர்னி ஜெனரலானார். 1983இல் சட்டம் மாறியது. வன்முறை வழக்கு இல்லைதான். ஆனால் வீட்டுக்குள் இருக்கும் சட்டத்தை வெளியே கொண்டுபோய்ப் பேசலாம் என்று தீவுப் பெண்கள் கண்டுகொண்டது இங்கேதான். 1976இல் தொடங்கிய பெண் விடுதலை இயக்கம் (முவ்மான் லிபெராசியோன் ஃபாம்) நெப்போலியன் சட்டத்துக்கு எதிராகப் போராடிய வருடங்களும் இவைதான். அடிபட்டு வருகிறவர்களுக்கு 1989இல் எஸ்.ஓ.எஸ். ஃபாம் அடைக்கலம் தரத் தொடங்கியது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் வழக்கறிஞர்கள் மட்டும் இல்லை, தையல் மிஷின்களும் இருந்தன. 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. எண்பதுகளில் ஆயத்த ஆடை ஆலைகள் பெண்களை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டன. ஆண்களைவிடக் குறைந்த கூலி, நீண்ட ஷிப்ட். அப்படியும் அது கைக்கு வந்த காசு. ஆலை வேனில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவளிடம், கன்னம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்கலாம். அவளும் பதில் சொல்லலாம். வேனுக்குள் மாமியார் இல்லை. 2005இல் உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்ததோடு ஆலைகள் வரிசையாக மூடின. சம்பளம் போனதைப் பொருளாதாரப் பக்கத்தில் எழுதினார்கள். வேனும் போனது.

24 சதவீதம்

தென் ஆப்பிரிக்காவைத் தளமாகக் கொண்ட ஜென்டர் லிங்க்ஸ் அமைப்பு, ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகளில் ஒரே மாதிரிக் கேள்விகளோடு ஆய்வு நடத்தியது. வாழ்நாளில் ஒரு தடவையாவது பால்சார் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் லெசோத்தோவில் 86 சதவீதம், போட்ஸ்வானாவில் 67 சதவீதம். மொரீஷியஸில் 24.

சந்தோஷப்படலாமா? ஓரளவுக்குப் படலாம். இலவசக் கல்வி, ஓரளவு ஓடும் நீதிமன்றம், பஞ்சமில்லாத வாழ்க்கை எல்லாம் ஏதோ செய்யத்தான் செய்யும். ஆனால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பெண் எங்கே உட்கார்ந்து சொன்னாள் என்று யோசிக்காமல் எண்ணைப் படிக்க எனக்கு மனசு வரவில்லை. தீவின் நீளம் 65 கிலோமீட்டர் சொச்சம். யாரைக் கேட்டாலும் இரண்டாவது பேச்சில் ஒரு உறவு முறை வந்துவிடும். கி திமூன் பூ தீர் என்பார்கள் கிரியோலில். நம் வாயில் வரும் ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ அதேதான். இங்கே அந்த நாலு பேர் பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பார்கள். கேட்க வந்தவர் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல் வாயைத் திறப்பது எளிதல்ல.

அப்படியே அந்த எண்ணை முகமதிப்பில் எடுத்துக்கொண்டாலும், நாலு பெண்ணில் ஒருத்தி. நான்கு அடுப்பு எரியும் லக்கூரில் ஓர் அடுப்பு.

சொல்லப்படாமல் போவதில் முதல் இடம் படுக்கையறைக்கு. 1997 சட்டம் பலவந்தப் பாலுறவைக் குடும்ப வன்முறை என்று ஒத்துக்கொண்டது என்று மேலே சொன்னேன். அதைக் குற்றவியல் சட்டத்துக்குள் கொண்டுபோய், மணவாழ்வுக்குள் வன்புணர்வு என்று பேர் சொல்லித் தனிக் குற்றமாக்க 2007இல் ஒரு பாலியல் குற்ற மசோதா வந்தது. அது சட்டமாகவே இல்லை. ஆகவே நம் பெண் காவல் நிலையத்தில் உதட்டைக் காட்டினாள். மற்றதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெயரின் முதல் எழுத்து

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது. மொரீஷியஸ் அரசு கூட்டத்தைத் தவிர்க்க ஒரு வழி வைத்தது: குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகும் நாள். ஏ முதல் எஃப் வரை இரண்டு நாள், ஜி முதல் என் வரை இரண்டு நாள், மிச்சம் பேருக்கு இரண்டு நாள். ஞாயிறு கடை கிடையாது.

நிர்வாகத்துக்கு இது சுலபமான கணக்கு. லக்கூரில் நின்று பார்த்தால் வேறு மாதிரி. கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயரோடு இருக்கும் பெண்ணுக்கும் அவனுக்கும் ஒரே எழுத்து, ஒரே நாள். கீழே இருக்கும் மாமியாருக்கும் அதே நாள். அவளுடைய அம்மா வீட்டுக்கு வேறு எழுத்து, வேறு நாள். வரிசையில்கூட அம்மாவைப் பார்க்க முடியாது. ரொட்டி வாங்கப் போகிறேன் என்று தனியாகப் படியிறங்கும் சாக்கும் இல்லை. போனில் பேசினால் சுவருக்குக் காது. அந்த வருடக் கடைசியில் லெஸ்ப்வார் என்ற கைபேசிச் செயலி வந்தது. கிரியோலில் நம்பிக்கை என்று பொருள். பொத்தானை அழுத்தினால் போலீசுக்குத் தகவல் போகும். நல்ல ஏற்பாடுதான். சொந்தமாகப் போனும், அதில் டேட்டாவும், அவன் திறந்து பார்க்காத திரையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 139 என்ற உதவி எண்ணுக்கு இவை எல்லாம் தேவையில்லை. பேசுவதற்கு ஒரு மூலை மட்டும் தேவை.

உத்தரவுக்குப் பிறகு

நம் பெண் முதல் தடவை முன்னெச்சரிக்கைப் பதிவு மட்டும் போட்டுவிட்டு வந்தாள். இரண்டாவது தடவையும் அதுவே. மூன்றாவது தடவை, பெண்கள் நல அமைச்சகத்தின் குடும்ப ஆதரவு மையத்துக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி பழைய இரண்டு பதிவுகளின் தேதியையும் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த நாலு வரிகள் இப்போதுதான் உதவின. கேஸ் வேண்டாம் என்று எழுதியவை, கேஸுக்கு வரலாறாக நின்றன. சத்தியவாக்குமூலம் தயாரானது. மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவும், பிறகு 24 மாதத்துக்குப் பாதுகாப்பு உத்தரவும் கிடைத்தன.

குடியிருப்பு உத்தரவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிலம் யார் பேரில் என்ற பேச்சு வந்திருக்கும். அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். அங்கேயும் மாடி உண்டு, அது தம்பிக்கு. தம்பி மனைவி ஆறு மாதம் பொறுத்தாள். பிறகு நம் பெண் ஒரு அறை வாடகைக்குப் பிடித்தாள், தையல் மிஷினைக் கொண்டுவந்தாள். அவளுடைய பத்து வருடச் சம்பளம் அங்கேயே, மாமனார் நிலத்தின்மேல், சிமெண்டாக நின்றது. எந்த உத்தரவிலும் அதைப் பெயர்த்தெடுக்க வழியில்லை. கணவன் அடிக்கவில்லை. மாதம் ஒரு தடவை பள்ளி வாசலில் தூரத்தில் நிற்பான். அது மீறலா, பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பாவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

24 மாதம் முடியப்போகிறது. நீட்டிக்கக் கேட்டு அதே நீதிமன்றத்துக்கு வருகிறாள். கையில் பழைய வாக்குமூலத்தின் நகல், ஓரம் மடங்கிப் போயிருக்கிறது. எழுத்தர் தாளைப் புரட்டுகிறார்.

“இதுக்கப்புறம் புதுசா ஏதாவது நடந்துச்சா, மேடம்?”

“இல்ல.”

“ஒண்ணுமே நடக்கலேன்னா எதுக்கு நீட்டிக்கணும்னு கேப்பாங்களே?”

“இந்தத் தாள் இருந்ததாலதான் நடக்கல.”

எழுத்தர் கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார். பிறகு, அதையே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்.